வட்டிதான், அபராதம் இல்லை

மார்ச் 3

மின்வாரியத்தின் கணக்குப் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் மற்றவர்களுடைய சம்பளத்தை எழுதினேன். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. எழுத ஒன்றும் இல்லாமல் கை அரிக்கிறது. அதனால்தான் இந்த நோட்டு.

இன்று காலை ஐந்தரைக்கே வீட்டில் குழந்தைக்குக் குளியல். குழந்தை என்றால் பொம்மை. என் மனைவி செண்பகவல்லி அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸாக இருந்து போன ஜூனில் ஓய்வு பெற்றாள். நான் ஓய்வு பெற்ற மாதிரி அல்ல. இரண்டே மாதத்தில், வெளிநாட்டில் பிள்ளை பெற்றுவிட்டுத் துணையில்லாமல் திண்டாடும் தமிழ்ப் பெண்களுக்கு வீடியோவில் வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டாள். குளிப்பாட்டுவது, பால் கொடுப்பது, ஏப்பம் விட வைப்பது, அழுதால் என்ன, அழாவிட்டால் என்ன எல்லாம் உண்டு. ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லி, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறை இப்போது ஒரு சர்வதேசப் பிரசவ வார்டு.

இதில் எனக்கு இரண்டு உத்தியோகம். ஒன்று, செண்பகம் செய்து காட்டும்போது பொம்மையைப் பிடித்துக்கொள்வது. இன்னொன்று கணக்கு. "வரவு செலவு, வரி எல்லாம் நீங்க பாத்துக்கிடுங்க, எனக்கு அது ஓடாது" என்று முதல் நாளே ஒப்படைத்துவிட்டாள். பொம்மை விஷயத்தில் எனக்குத் தினமும் திட்டு விழுகிறது. "கழுத்து! கழுத்தைப் பிடிங்க!" என்று அவள் கத்துவது பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். கணக்கு விஷயத்தில் இதுவரை ஒரு கேள்வி கேட்டதில்லை. இந்த வீட்டில் என்னை நம்பி விட்டிருக்கும் ஒரே வேலை அதுதான். அதில் மட்டும் என் பெயர் கெடக்கூடாது.

மார்ச் 14

ராத்திரி தோசை ஊற்றிக்கொண்டே செண்பகம் கேட்டாள்.

"ஏங்க, இந்த அட்வான்ஸ் டாக்ஸ்னா என்னது? நம்ம பழைய டாக்டரம்மா போன்ல சொன்னாவ. சொந்தமாத் தொழில் பண்ணுதவங்க வருஷம் முடியுறதுக்கு முன்னாடியே நாலு தவணையாக் கட்டணுமாம். நாளைக்கிக் கடைசித் தவணையாம்."

"டாக்டரம்மாவுக்கு என்ன வயசு?"

"அம்பது இருக்கும்."

"அப்பம் அவங்க கட்டட்டும். அறுபது தாண்டினவங்களுக்கு அதெல்லாம் கிடையாது. ஜூலைல கணக்குக் காட்டையில மொத்தமாக் கட்டினாப் போதும். சட்டத்துலயே இருக்கு."

"நெசமாவா?"

"நான் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன்!"

"சரி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். இந்த வாக்கியத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 15

மோட்டார் ஓடவில்லை. தண்ணீர் இல்லாததால் பொம்மைக்கும் குளியல் கிடையாது. எனக்கு விடுமுறை.

ஏப்ரல் 9

சிங்கப்பூரிலிருந்து நாச்சம்மை என்று ஒரு பெண் வகுப்புக்கு வருகிறாள். அங்கே ஆடிட்டராம். காரைக்குடியில் இருந்தவரை நம் ஊர் வருமான வரிதான் பார்த்தாளாம். இன்று வகுப்பு முடிந்தும் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். நான் மோர் கொண்டுபோனதும் பேச்சு நின்றுவிட்டது. பெண்கள் சமாசாரமாக இருக்கும் என்று வந்துவிட்டேன்.

மத்தியானம் தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைத்திருந்தாள். கல்யாணம் இல்லை, விருந்தாளி இல்லை, வெறும் செவ்வாய்க்கிழமை. என்ன விசேஷம் என்றால் "சும்மாத்தான்" என்கிறாள். சாப்பிடும்போது ஒரு கேள்வி வேறு.

"ஏங்க, ஆபீஸ்ல உங்க கணக்குல தப்பு வந்தா என்ன செய்வீங்க?"

"என் கணக்குல தப்பு வராது."

"வந்தா?"

"நானே கண்டுபிடிச்சுத் திருத்திருவேன். வேற எவனாவது வந்து சுட்டிக்காட்டினாத்தான் ஆத்திரம் வரும். ரெண்டு நாள் சோறு இறங்காது."

"அப்படியா" என்று இன்னும் ஒரு கரண்டி சொதி ஊற்றினாள்.

ஏப்ரல் 28

இன்று மெல்பர்ன் யாழினி வீட்டில் நிஜக் குழந்தைக்கு நிஜக் குளியல். நாங்கள் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் புருஷன் தினகர்தான் பிள்ளையைப் பிடித்திருந்தான். ஆள் ஆறடி. ஆனால் பிள்ளையை விரல் நுனியால்தான் தொடுகிறான். பிள்ளை ஒரு பக்கம் சரிந்ததும் யாழினி வெடுக்கென்று பறித்துக்கொண்டாள். பையன் முகம் சுண்டிவிட்டது.

செண்பகம் அவனைக் கொஞ்ச நேரம் வெளியே போகச் சொல்லிவிட்டு யாழினியிடம் சொன்னாள்: "அவரு கைல இருந்து பிடுங்காதம்மா. பிடுங்கினியன்னா நாளையில இருந்து அவரு பிள்ளையத் தொடவே மாட்டாரு. நீ பைய அவரு கைக்கு அடியில உன் கையை வச்சிக்கோ. பிள்ளை அவரு கைலதான் இருக்கும். நழுவினா மட்டும் நீ இருக்க. நீ வச்சிருக்கது அவருக்குத் தெரியக்கூட வேண்டாம்."

நல்ல யோசனை. ஆனால் முன்பின் தெரியாத தினகருக்கு இவ்வளவு கரிசனம். எனக்கு மட்டும் "கழுத்து, கழுத்து!"

மே 19

வெயில் மண்டையைப் பிளக்கிறது. வகுப்புக்கு வந்த பெண்கள் அனுப்பிய பிள்ளைகளின் படங்களைச் செண்பகம் பிரிண்ட் போட்டு முன்னறைச் சுவரில் ஒட்டுகிறாள். ஒரு சுவர் நிறைந்து அடுத்த சுவருக்கு வந்துவிட்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி நாங்கள் பேசி முடித்து வெகுகாலம் ஆயிற்று. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலேயிருந்து ஒவ்வொரு படமாகப் பெயர் சொன்னாள். ஒரு பெயர்கூடத் தடுமாறவில்லை.

ஜூன் 15

காலையில் பேங்குக்குப் புறப்பட்டாள். நானும் வருகிறேன் என்றேன். "இந்த வெயில்ல நீங்க என்னத்துக்கு? ஒரு சின்ன வேலை, போயிட்டு வந்திருதேன்" என்றாள். பேங்கு வேலை என்றால் என் வேலை அல்லவா? கல்யாணமான முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் தனியாகப் பேங்குக்குப் போனதே இல்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரும்போது நுங்கு வாங்கி வந்தாள், நல்ல இளசாக. முகத்தை ரொம்ப நேரம் தூக்கி வைத்திருக்க முடியவில்லை.

ஜூலை 7

செண்பகத்தின் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய உட்கார்ந்தேன். கொஞ்ச நாள் சம்பளம், அப்புறம் பென்ஷன், வகுப்பு வருமானம், இன்டர்நெட், விளக்கு, பொம்மை முதலான செலவு, எல்லாம் அச்சாக எழுதி வைத்திருந்தேன். கட்ட வேண்டிய வரி ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் என்று நான் போட்ட கணக்கும் கம்ப்யூட்டர் போட்ட கணக்கும் ரூபாய் சுத்தமாக ஒத்துப்போயின. மீசையைத் தடவிக்கொண்டேன்.

அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. முன்கூட்டிக் கட்டாததற்கு வட்டி. தவணை தவறியதற்கு வட்டி. இரண்டும் சேர்த்துப் பத்தாயிரத்து முந்நூற்றுச் சொச்சம்.

கம்ப்யூட்டர் தவறு என்று நினைத்து முதலிலிருந்து போட்டேன். பிறந்த தேதி சரிதானா என்று பார்த்தேன். சரிதான், அறுபது ஆகிவிட்டது. மறுபடியும் அதே வட்டி.

"முடிஞ்சுதா?" என்று அடுக்களையிலிருந்து கேட்டாள்.

"நெட்டு சரியில்ல. நாளைக்குப் பாக்கேன்."

திருமணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் நான் சொன்ன பொய்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று ஒன்று கூடியது.

ஜூலை 8

மார்க்கெட் பக்கம் தஸ்னீம் என்று ஒரு ஆடிட்டர் பெண் இருக்கிறாள். முப்பது வயதுகூட இருக்காது. ஒரு நண்பருக்காகக் கேட்க வந்ததாகச் சொன்னேன்.

"உங்க ஃப்ரெண்டோட வீட்டம்மாவுக்கு வெறும் பென்ஷன், பேங்க் வட்டி மட்டும்னா நீங்க சொன்ன சலுகை சரிதான் சார். ஆனா சொந்தத் தொழில்ல வருமானம் வந்துட்டா அந்தச் சலுகை கிடையாது. அறுபதானாலும் சரி, தொண்ணூறானாலும் சரி."

"அப்படி எங்க இருக்கு?"

அதே பிரிவின் அடுத்த வரியைக் காட்டினாள். பாதி வாக்கியத்தைப் படித்துவிட்டுத்தான் இத்தனை நாள் நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அப்பம் இது அபராதமா?"

"அபராதம் இல்ல சார், வட்டிதான். உங்க ஃப்ரெண்டைக் கவலைப்பட வேண்டாம்னு சொல்லுங்க. புதுசாத் தொழில் தொடங்குறவங்க முக்காவாசிப் பேரு முதல் வருஷம் இதுல மாட்டத்தான் செய்யுறாங்க. சம்பளத்துல ஆபீஸ்லயே வரியப் பிடிச்சுப் பிடிச்சுப் பழகிடுச்சுல்லா? சீக்கிரம் கட்டச் சொல்லுங்க, மாசத்துக்கு ஒரு பெர்சன்ட் ஏறிக்கிட்டே இருக்கும்." அப்புறம் ஒன்று கேட்டாள். "இந்த வருஷத்துக்கான முதல் தவணை ஜூன் பதினஞ்சோட போச்சே, அதையாவது கட்டிட்டாங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன். அதற்கும் வட்டி உண்டாம். விட்டுப்போனதைச் செப்டம்பர் பதினைந்துக்குள் இரண்டாம் தவணையோடு சேர்த்துக் கட்டிவிட்டால் அதிகம் போகாது என்றாள். எழுந்து வரும்போது, "உங்க ஃப்ரெண்டு வீட்ல சொல்லிட்டாரா சார்?" என்று கேட்டாள். கெட்டிக்காரப் பெண்.

ஜூலை 10

கட்டிவிட்டேன். வரியைச் செண்பகத்தின் கணக்கிலிருந்தும் வட்டியை என் கணக்கிலிருந்தும் கட்டினேன். என் தவறுக்கு அவள் ஏன் கட்ட வேண்டும்? விடிகாலை எழுந்து முதுகு வளைந்து உட்கார்ந்து சம்பாதிக்கிற காசு அது. நெட்பேங்கிங்குக்கு ஓடிபி அவள் போனுக்குத்தான் வரும். கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் வாசித்துச் சொன்னாள். அது வேறு குத்தியது.

"எல்லாம் முடிஞ்சுதா? ஒண்ணும் பிரச்சினை இல்லையே?"

"என்ன பிரச்சினை? எல்லாம் சரியாத்தான் இருக்கு."

அரசாங்கம் வட்டி போட்டதோடு நிறுத்திக்கொண்டது. அபராதத்தை நானே எனக்குப் போட்டுக்கொண்டேன். இனி இந்த வருஷம் முடிகிறவரை, வாராவாரம் வியாழக்கிழமை கடைக்குப் போய்ச் சாப்பிடும் பரோட்டா கிடையாது.

ஜூலை 18

வியாழக்கிழமை. சாயங்காலம் வீட்டிலேயே இருந்தேன்.

"கடைக்குப் போகலியா?"

"வயிறு சரியில்ல."

"வயிறு சரியில்லாதவரு மத்தியானம் மூணு தடவ சோறு வாங்கினீங்க?"

பேப்பரை விரித்தேன்.

ஆகஸ்ட் 1

பேச்சிமுத்து நினைவு வந்து தூக்கம் கெட்டது. என்னோடு வேலை பார்த்தவன், ஓய்வுக்குப் பிறகு வயரிங் காண்டிராக்ட் எடுக்கிறான். அவனுக்கும் இதே யோசனையைச் சொல்லியிருந்தேன். போன் பண்ணி உண்மையைச் சொன்னேன், எங்கள் வீட்டில் நடந்தது என்பதை மட்டும் சொல்லாமல்.

அவன் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. "ஏ ஆவுடையப்பா, நீ சொன்னதை நான் என்னைக்குடே கேட்டிருக்கேன்? நான் தவணை தவறாமக் கட்டிட்டுல்லா இருக்கேன்!"

நான் சொன்னதைக் கேட்டு நடந்தது உலகத்தில் ஒரே ஒருத்திதான்.

ஆகஸ்ட் 8

வியாழக்கிழமை. செண்பகம் தானே போய் பரோட்டாவும் சால்னாவும் பார்சல் வாங்கி வந்துவிட்டாள். "வயிறு சரியில்லைன்னா நீங்க வேண்டாம், நான் சாப்பிடுதேன்" என்று எனக்கு நேராக உட்கார்ந்து பிய்த்துப் போட்டாள். நாலு பரோட்டா வாங்கியிருந்தாள். அவள் எப்போதும் ஒன்றுதான் சாப்பிடுவாள்.

சாப்பிட்டேன். அடுத்த வாரத்திலிருந்து அபராதம் தொடரும்.

ஆகஸ்ட் 20

மெல்பர்னிலிருந்து படம் வந்திருக்கிறது. தினகர் ஒற்றை ஆளாகப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறான். முகமெல்லாம் பல். யாழினி படத்தில் இல்லை. செண்பகம் அந்தப் படத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். "பாத்தீங்களா, எவ்வளவு அழகாப் பிடிச்சிருக்காரு!" என்றாள். கழுத்தைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறான். பொறாமையாக இருந்தது.

செப்டம்பர் 14

நாளை இரண்டாம் தவணைக்குக் கடைசி நாள். விட்டுப்போன முதல் தவணையையும் சேர்த்து இன்றே கட்டிவிடலாமென்று உட்கார்ந்தேன். எவ்வளவு கட்ட வேண்டும் என்று பார்க்க, அவள் பெயரில் இதுவரை கட்டிய வரிகளின் பட்டியலைத் திறந்தேன்.

ஜூன் 15. முன்கூட்டிய வரி. முதல் தவணை. பேங்க் கவுன்டரில் கட்டப்பட்டது.

பட்டியலை இன்னொரு தடவை படித்தேன். அப்புறம் ஒவ்வொன்றாக நினைவில் ஓடியது. நுங்கு, சொதி, நான் மோர் கொண்டுபோனதும் நின்றுபோன பேச்சு.

செண்பகம் அடுக்களையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஜூன் பதினஞ்சாம் தேதி பேங்குக்கு எதுக்குப் போன?"

கத்தி நிற்கவில்லை. "கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"எப்பம் இருந்து தெரியும்?"

"ஏப்ரல்ல நாச்சம்மை சொன்னா. பேச்சுவாக்குல."

"அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா உடனே கட்டியிருக்கலாம்லா? மூணு மாச வட்டி மிச்சமாயிருக்கும். மூவாயிரத்து நானூறு ரூபா!"

"தெரியும். நாச்சம்மை கணக்குப் போட்டுச் சொன்னா. ரெண்டு பிள்ளையக் குளிப்பாட்டினா வந்துரும்னு விட்டுட்டேன்."

"ஏன் சொல்லல?"

"நானே கண்டுபிடிப்பேன், வேற யாரு சொன்னாலும் சோறு இறங்காதுன்னு சொன்னது யாரு?" கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஜூலைல கணக்குப் போடையில உங்களுக்கே தெரிஞ்சிரும்னு நாச்சம்மை சொன்னா. அதுவரைக்கும் இந்த வருஷத்துத் தவணை விட்டுப்போயிரக் கூடாதுல்லா, அதான் போய்க் கட்டினேன். நான் சொல்லி, நீங்க அந்தக் கணக்கு நோட்டை மூடி எங்கிட்டயே தந்துட்டா நான் என்ன செய்வேன்? நீங்க ரிட்டயர் ஆகி வந்த அந்த ஆறு மாசம் நான் பட்ட பயம் எனக்குத்தான் தெரியும். காலையில எழுந்திரிக்க மாட்டீங்க. பேச மாட்டீங்க. நான் டியூட்டிக்குப் போனா மனசு பூரா வீட்லதான் இருக்கும்."

அந்த ஆறு மாதத்தைப் பற்றி இந்த நோட்டில் எழுதவில்லை. அவளுக்கு அது தெரியாது என்று இன்று வரை நினைத்திருந்தேன்.

"வட்டிய நான் கட்டினதும் தெரியுமா?"

"ரசீது என் போனுக்கு வந்துதே."

"அப்பவும் ஒரு வார்த்தை கேக்கலையே!"

"எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு நீங்க சொன்னீங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்." இப்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆனா பரோட்டாவை விட்டீங்க பாருங்க, அதுதான் தாங்க முடியல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணில் வேறு ஏதோ வந்தது. அவரைக்காய்க்கு அப்படி வராது என்று இருவருக்கும் தெரியும். "நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன், செண்பகம்" என்றேன்.

"ஒண்ணும் செய்யாது. மொதப் பிள்ளையக் குளிப்பாட்டையில எல்லாருக்கும் கை நழுவத்தான் செய்யும். வரியில போனதுக்கு என்ன பேரு, அபராதமா?"

"அபராதம் இல்ல. வட்டி."

"வட்டிதானா!" என்று கத்தியை எடுத்துக்கொண்டாள். "அப்பம் நாளைக்கி ரெண்டாந் தவணைய நீங்கதான் கட்டணும். எனக்கு அது ஓடாது."

செப்டம்பர் 15

காலையில் முதல் வேலையாக இரண்டாம் தவணை கட்டியாயிற்று. ஓடிபியை அவள் வாசித்தாள், நான் அடித்தேன். டிசம்பர் பதினைந்தையும் மார்ச் பதினைந்தையும் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிட்டேன். அவள் போனிலும் ஞாபக மணி வைத்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல் அல்ல, எனக்குக் காட்டிவிட்டுத்தான்.

பிறகு புதிதாகச் சேர்ந்த டொரன்டோ பெண்ணுக்கு வகுப்பு. வழக்கம்போலப் பொம்மையைத் தண்ணீருக்கு மேல் பிடித்திருந்தேன். வகுப்பு முடியப்போகிறது, இன்னும் "கழுத்து" என்று ஒரு சத்தம்கூட வரவில்லை. ஆச்சரியப்பட்டுக் குனிந்து பார்த்தேன். என் கைக்கு அடியில், தண்ணீருக்குள், அவள் கை இருந்தது. எத்தனை நாளாக அங்கே இருக்கிறதோ தெரியவில்லை.

"கையை எடு. நான் பிடிச்சுக்கிடுவேன்" என்றேன், டொரன்டோவுக்குக் கேட்காதபடி.

"பிடிங்க" என்றாள். ஆனால் எடுக்கவில்லை. நானும் இரண்டாம் தரம் சொல்லவில்லை.